கிண்ணத்தின் உட்புறம்

சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகம், தாங் கப்பல் கூடம். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலட்டை தேடி மூழ்கியவர்கள் கண்ட கப்பலின் சரக்கு. மீட்டவை ஏறத்தாழ 60,000 பொருள்கள். பெரும்பகுதி சீனத்துச் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒன்றில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி இருக்கிறது. பறவை, மீன், மேகம், கொடி. எல்லாம் உட்புறத்தில்.

*

நிறம் இரண்டுதான்: இரும்பு தந்த பழுப்பு, செம்பு தந்த பச்சை. கழுத்துக்கு ஓர் இழுப்பு, சிறகுக்குச் சில. வாசலில் கோலமிடும் கையின் வேகம். அவசரம் தெரிகிறது, அலட்சியம் இல்லை. அதே பறவைதானே என்று அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தால், கழுத்து வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

*

சிலவற்றில் மகரம். மேல்நோக்கிச் சுருண்ட மூக்கு, மீன் உடல். வருணனுக்கு வாகனம், மன்மதனுக்குக் கொடி. செராங்கூன் சாலையில் நாம் சேவிக்கும் பெருமாளுக்குக் காதணி. சாங்ஷா இருக்கும் ஹுனானுக்குக் கடற்கரை கிடையாது. இருந்தென்ன, மகரத்தை எந்தக் கடற்கரையிலும் எவரும் கண்டதில்லை. ஒரு கை வரைந்ததைப் பார்த்து இன்னொரு கை வரைந்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

*

கொலம்பஸ் வருவதற்குச் சுமார் 400, 500 ஆண்டுகள் முன்பு, இன்றைய நியூ மெக்சிகோவில், மிம்ப்ரெஸ் மக்களும் கிண்ணத்தின் உட்புறத்தில்தான் முயலையும் மீனையும் வௌவாலையும் வரைந்தார்கள். புழங்கித் தேய்ந்த கிண்ணங்கள் பலவற்றை, அடியில் ஓட்டையிட்டு, இறந்தவர் முகத்தின்மேல் கவிழ்த்துப் புதைத்தார்கள். ஓட்டை பல நேரம் விலங்கின் உடலிலேயே விழுந்திருக்கிறது.

*

உள்ளே வரைந்தால், சோறு இருக்கும்வரை பறவை தெரியாது. உண்ண உண்ண முதலில் சிறகின் நுனி, பிறகு அலகு. பசியாறியவருக்கே முழுப் பறவை.

*

மிம்ப்ரெஸ் கிண்ணம் உண்டவரோடு மண்ணுக்குள் போனது. பெலித்துங் கிண்ணங்களில் எவரும் உண்ணவில்லை. பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி மேற்குநோக்கி ஏற்றினார்கள், கரை சேரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பறவைகளை மறைத்தது கடல்மண், சோறு அல்ல.

*

தை பிறக்கும் முன் கேம்பல் லேனில் பொங்கல் பானைகள் விற்கிறார்கள். வண்ணக் கோலம் பானையின் வெளிப்புறத்தில். அது சரிதான்: பொங்கி வழிவதைச் சூரியனும் பக்கத்து வீடும் பார்க்கவேண்டும். கிண்ணத்தின் பறவையோ குனிந்து உண்பவர் காண வரைந்தது. அவர் பாக்தாதிலா பஸ்ராவிலா என்று வரைந்தவருக்குத் தெரியாது. தெரியாமலே, ஆயிரக்கணக்கில் வரைந்தபோதும், ஒவ்வொன்றையும் ஒருவர் பார்வைக்கு உரியதாகவே வரைந்தார். முன்பின் அறியாதவருக்குச் செய்கிற வேலையில் இதைவிட மரியாதை இருக்க முடியுமா?