‘நலம்’ என்று முன்கூட்டியே எழுதாதீர்கள்

ஏதாவது ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்குப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கோடு போட்ட கனத்த நோட்டு. வரிசை எண், பெயர், வயது, ஐ.பி. எண், நோய், செய்த அறுவை, மயக்க மருந்து, சர்ஜன் பெயர், கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம். பல நோட்டுகளில் அந்தக் கட்டத்தின் முதல் வரியில் ‘நலம்’ என்றிருக்கும். அதற்குக் கீழே பக்கம் முழுக்க ‘மேற்படி’, ‘மேற்படி’. நோயாளிக்கு மயக்கம்கூடத் தெளிந்திருக்காது. அவர் நலம் என்று எழுதி முடித்திருப்போம்.

குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தால் ஒரு வாரம் வார்டில் கிடந்த காலத்தில் இந்த அவசரம் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தால் நர்சின் கண்ணில் படும், கேஸ் ஷீட்டில் ஏறும். இன்று காலையில் அறுவை, சாயங்காலம் ஆட்டோ பிடித்து வீடு. நோயாளிக்கு நல்லதுதான், செலவும் குறைவு. ஆனால் அந்த மூன்றாம் நாள் காய்ச்சல் இப்போது வீட்டில் வருகிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஓர் ஊசி போடுகிறார்கள். அடங்கவில்லையென்றால் வேறொரு மருத்துவமனையில் புது ஓ.பி. சீட்டு, புது எண். அங்கே எழுதுவது ‘புண்ணில் சீழ்’ என்று மட்டும். யார் கிழித்த புண், என்றைக்குக் கிழித்தது என்று எவரும் கேட்பதில்லை. முதல் நோட்டில் அவர் இன்னும் ‘நலம்’.

டாக்டர்களே, ஸ்டாஃப் நர்ஸ்களே, மருத்துவப் பதிவுத் துறையில் (எம்.ஆர்.டி.) உட்கார்ந்து மாதக் கணக்கு கூட்டுகிறவர்களே, நர்சிங் ஹோம் முதலாளிகளே, இந்தக் கட்டத்தை இனியும் இப்படி நிரப்பாதீர்கள். நாட்டின் சுகாதாரப் புள்ளிவிவரம் டெல்லியில் பிறப்பதில்லை. உங்கள் பேனாவில் பிறக்கிறது.

2014 நவம்பரை மறந்துவிட்டோமா? சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட மருந்தா, கிருமித் தொற்றா என்ற சண்டை தனி. என்னை உறுத்துவது வேறொன்று: 50,000 அறுவை செய்ததற்காக அந்த சர்ஜனை அதே ஆண்டு மாநில அரசு பாராட்டியிருந்தது என்ற செய்தி. ஐம்பதாயிரத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அவர்களில் எத்தனை பேர் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள் என்று எண்ணத் தோன்றியதா? 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. இறப்பு விவரங்களை ஊரறிய வெளியிடவும் சொன்னது. எண்ணி எழுது என்று சொல்வதற்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது!

வசதி படைத்த நாடும் இதில் தடுமாறியிருக்கிறது. அமெரிக்கா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரை 1965 முதல் மாதிரிக் கணக்கெடுப்பாக எண்ணி வந்தது. அது படுக்கையில் சேர்ந்தவர்களின் கணக்கு. அறுவைகள் படுக்கையை விட்டு வெளியேறியபோது அந்தக் கணக்கிலிருந்தும் வெளியேறின. அவற்றுக்கென்று தனிக் கணக்கெடுப்பு 1994-ல்தான் தொடங்கியது. 1996-க்குப் பிறகு பத்தாண்டு இடைவெளி. 2006-ல் மறுபடி எண்ணியபோது ஓராண்டில் சுமார் 3.47 கோடி வருகைகள், 5.33 கோடி சிகிச்சைமுறைகள். இத்தனை பெரிய கூட்டத்தைப் பத்தாண்டு யாரும் தேசிய அளவில் எண்ணவில்லை.

நம் நாட்டில் மருத்துவமனைகள் அரசுக்கு அனுப்பும் மாதாந்திரப் படிவம் அறுவையைப் பெரியது, சிறியது என்று பிரிக்கிறது. முழு மயக்கமோ முதுகுத்தண்டு ஊசியோ கொடுத்தால் பெரியது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால், அல்லது மருந்தே இல்லாவிட்டால், சிறியது. அன்றிரவு அவர் எங்கே தூங்கினார் என்று இந்தப் பிரிவினை சொல்லாது. போதாக்குறைக்கு, காப்பீட்டுப் பணத்துக்காக 24 மணி நேரம் படுத்திருந்ததாகக் காகிதத்தில் மட்டும் படுக்க வைக்கும் வித்தை ஒன்று உண்டு. ‘யாருக்கு என்ன நஷ்டம்’ என்பார்கள். அந்தத் தாளை நம்பித்தான் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை படுக்கை, எத்தனை மயக்க மருந்து டாக்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். செய்யாதீர்கள்.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர் மதுரைப் பக்கம் திரும்பட்டும். இந்தியாவில் கண்புரை அறுவை மட்டும் ஆண்டுக்கு 60 லட்சத்தைத் தாண்டுகிறது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் அறுவை. அதில் அரிதாகக் கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் வைக்கும், பார்வையே போகலாம். பத்தாயிரத்தில் சில கண்களுக்கு நேர்வதை எந்தத் தனி சர்ஜனும் தன் அனுபவத்தால் அளக்க முடியாது. மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவை ஒன்றாக வைத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டது: அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தாதபோது பத்தாயிரத்துக்கு 7 கண்களில் தொற்று, செலுத்தத் தொடங்கிய பிறகு 2. அந்த ஏழு பேரையும் ‘நலம், மேற்படி’ என்று எழுதியிருந்தால் அந்த ஐந்து கண்களைக் காப்பாற்றும் வழி எவருக்கும் தெரிந்திருக்காது.

இது கணினி வந்த பிறகு பிறந்த ஒழுங்கும் அல்ல. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல், குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே தாயோடு வீட்டுக்கு அனுப்பியவர், 1909-ல் தன் கணக்கை வெளியிட்டார்: 8,988 அறுவைகள். தோராயமாக ஒன்பதாயிரம் என்று சொல்லவில்லை. நர்சுகளை வீட்டுக்கு அனுப்பிக் காயத்தைப் பார்க்கவும் வைத்தார்.

ஆகவே இன்றே தொடங்குங்கள். ‘குறிப்பு’ கட்டத்தை வெற்றாக விடுங்கள். நேற்று அனுப்பியவர்களின் கைப்பேசி எண் பில் கவுன்டரில் இருக்கிறது. பாக்கிப் பணத்துக்கு அழைக்கத் தெரிகிறதே, அதே எண்ணுக்கு அழைத்துக் காய்ச்சல் உண்டா, கட்டு நனைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏழாம் நாள் ஒருமுறை, முப்பதாம் நாள் ஒருமுறை. அப்புறம் கட்டத்தை நிரப்புங்கள். போனை எடுக்காதவருக்குத் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பிறர் செய்த அறுவையின் சிக்கல் உங்களிடம் வந்தால், எங்கே, என்றைக்கு என்று சீட்டில் எழுதுங்கள். முதல் சர்ஜனுக்கும் போன் செய்யுங்கள். ‘சக டாக்டர் பேரைக் கெடுப்பானேன்’ என்ற தயவு அவருடைய அடுத்த நோயாளியின் தலையில் விடிகிறது. வீட்டாரே, நீங்களும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். புண் கோளாறு என்றால் முதலில் அறுவை செய்த இடத்துக்கே தகவல் சொல்லுங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. உண்மையான எண் எழுதியவருக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினால் அடுத்த மாதம் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்தான் வரும். சிக்கல் எண்ணிக்கையை எழுதி அனுப்பிய மருத்துவமனைக்கு, தண்டிக்க அல்ல, உதவ ஆள் அனுப்புங்கள். நூற்றுக்கணக்கில் அறுவை செய்துவிட்டு ஆண்டு முழுக்கப் பூஜ்யம் எழுதும் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நீங்களே போய், அந்தக் கனத்த நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்.