தேய்ந்த மூட்டும் வாங்கிய தூளும்

கொலாஜன் தூள் வாங்கலாமா, வாங்கினால் எந்த வகை என்று மூட்டுவலிக்காரர் ஒருவர் விசாரிக்கத் தொடங்கும்போது, அதற்கு முன்பே தெளிய வேண்டிய ஒன்று, அதாவது அந்த வலி எதனால் வந்தது என்பது, பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்தமான் தீவுகளில் இதைக் கேளாமல் விடுவது கூடுதல் குழப்பத்துக்கு வழிவகுக்கும். 2006ஆம் ஆண்டு இத்தீவுகளில் சிக்குன்குனியா பரவியது. காய்ச்சல் தணிந்த பின்னும் கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகளை மாதக்கணக்கிலும், சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும் விடாமல் பற்றிக்கொள்வது அந்நோயின் இயல்பு. அது அழற்சி, அதாவது கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பே மூட்டை வீங்கவைத்து நோகச்செய்யும் நிலை. வயதாலும் எடையாலும் பழைய அடியாலும் வரும் தேய்மானம் அதனின்று வேறானது. இரண்டுக்கும் 'மூட்டுவலி' என்ற ஒரே பெயர் வழங்குவதால், இரண்டுக்கும் ஒரே டப்பா நீட்டப்படுகிறது.

கொலாஜன் என்பது தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றைத் தாங்கும் நார்ப் புரதம். உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்குக் கயிறு போல் அது அமைந்திருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கு அந்த மூவிழை வடிவத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. தோல் பதனிடுதலும் கொலாஜனைக் கெடாமல் நிறுத்தும் வித்தைதானே. நெடுநேரம் கொதிக்கவைத்தால் அம்முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிறது. ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் உறைவது அதனால்தான். நொதிகளைக் கொண்டு மேலும் நறுக்கினால், பெப்டைடு எனப்படும் சிறு துண்டுகளாகி நீரில் கரையும் தூளாகிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் இத்தூளே.

எலும்பு நொந்தவருக்கு எலும்பு சூப்பு என்ற பழக்கத்தில் வளர்ந்த மனம், உண்ட கொலாஜன் நேரே முழங்காலுக்குப் போய்த் தேய்ந்த இடத்தை நிரப்பும் என்று எளிதில் நம்பிவிடுகிறது. குடலோ அதைப் பெரும்பாலும் அமினோ அமிலங்களாக, அதாவது எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான அடிப்படை அலகுகளாக, உடைத்துவிடுகிறது. சில சிறு துண்டுகளே உடையாமல் இரத்தத்தை அடைகின்றன. இதைவிடப் பெரிய தடை குருத்தெலும்பிலேயே இருக்கிறது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பன், அக்காலத்தில் உருவான திசுக்களில் தன் தடத்தைப் பதித்தது. அத்தடத்தைக் கொண்டு முழங்கால் குருத்தெலும்பின் வயதைக் கணித்த டென்மார்க் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள கொலாஜன் வளரும் பருவத்தோடு உருவாகி முடிந்துவிடுகிறது. அதன்பின், நலமான மூட்டாயினும் தேய்ந்த மூட்டாயினும், ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. அறுபது வயதுக்காரர் தம் பதின்ம வயதில் உருவான குருத்தெலும்பின், பேச்சுவழக்கில் ஜவ்வின், மீதுதான் இன்றும் நடக்கிறார்.

ஆகவே 'ஜவ்வு வளரும்' என்ற வாக்குறுதியைத் தள்ளிவிட்டு, வலி குறையுமா என்பதை மட்டும் கேட்பதே முறை. பெப்டைடு தூளை நாளொன்றுக்குப் 10 கிராம் அளவில் சில மாதங்கள் உட்கொண்டோரிடம் வலி ஓரளவு தணிந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றுள் பல சிறியவை, உற்பத்தியாளரின் பணத்தில் நடந்தவை. கோழியின் மார்புக் குருத்தெலும்பிலிருந்து முறுக்கு அவிழாதபடி பிரிக்கப்படும் இரண்டாம் வகைக் கொலாஜன், நாளுக்கு 40 மில்லிகிராம் மட்டுமே கொடுக்கப்படுகிறது; அது கட்டுமானப் பொருளாக அன்றி, குடல் வழியே தற்காப்பு அமைப்பைத் தணிப்பதாகக் கருதப்படுவதால், இரண்டையும் எடைக் கணக்கில் ஒப்பிடுவது பொருந்தாது. சிக்குன்குனியா விட்டுச்சென்ற அழற்சிக்கு இவை மருந்தல்ல, அவ்வலியோடு இத்தீவுகளிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனைக்குப் போவதே தக்கது.

மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரும் டப்பாவில் 'மரைன் கொலாஜன்' என்று எழுதியிருந்தால், அது மீனின் தோலிலும் செதிலிலுமிருந்து எடுத்தது என்று பொருள். இங்கே மீன் வந்திறங்கும் ஜங்லிகாட்டில் மீன் ஆய்ந்தபின் கழிவாகப் போவதும் அதே தோலும் செதிலும்தான். இந்தியாவின் தனிப் பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைச் சுற்றிலும் கொண்ட தீவுகளுக்கு இது சற்று வேடிக்கையான வணிகம். சைவ உணவினர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: கொலாஜன் இயற்கையில் விலங்கின் உடலில் மட்டுமே உருவாவது, பச்சைக்குறியோடு வரும் 'தாவரக் கொலாஜன்' பொதுவாக வைட்டமின் சி, அமினோ அமிலங்கள் போன்றவற்றின் கலவை. கொலாஜன் இழை உறுதிப்பட வைட்டமின் சி தேவை என்பது மெய்யே, ஆனால் அதைக் கொய்யாவும் நெல்லிக்காயும் தந்துவிடும்.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல், முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும், எடை மிகுந்தோருக்கு எடைக் குறைப்பையும் வலுவாகப் பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் இதே நம்பிக்கையோடு விற்ற குளுக்கோசமைனை வேண்டாமென்றது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைவதாக 2005இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. டப்பா பணத்தை மட்டும் கேட்கிறது, பயிற்சி மனிதரையே கேட்கிறது. அதனால்தான் முந்தையது எளிதாகத் தோன்றுகிறது. இவ்வளவும் அறிந்த பின்னும் வாங்க விரும்புவோரைத் தடுக்க வலுவான காரணம் இல்லை, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மற்றவர்கள் மூன்று மாதம் தவணை வைத்து, தொடைத்தசைப் பயிற்சியையும் விடாமல் செய்துகொண்டு, படியேறும்போது வலிக்கும் அளவை வாரந்தோறும் குறித்துவரலாம். குறிப்பில் மாற்றம் தெரியாவிட்டால் அடுத்த டப்பா வாங்கத் தேவையில்லை.