அடிபட்டவன் எங்கட ஆளா?

கட்டைபறிச்சானில் கடை வைத்திருப்பவர், "என்ர தராசை நானே சோதிச்சுப் பாத்திட்டன், சரியாத்தான் நிறுக்குது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அரசாங்கம் வந்து முத்திரை குத்த வேண்டும். பொலிசுக்கு எதிரான முறைப்பாட்டைப் பொலிசே விசாரித்து "ஆதாரம் இல்லை" என்று முடித்தால் மட்டும் கைகட்டிக் கேட்டுவிட்டு வருகிறோம். சாமியாடியிடம் கூட நாலு கேள்வி கேட்கிற ஊர் இது.

2024 மே மாதம் பக்கத்துச் சேனையூரில் போரில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த விவகாரத்தில் மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் சம்பூர்ப் பொலிசார் கைது செய்தார்கள். இரவில் பெண்களைப் பிடித்த விதம் காணொளியாகப் பரவியது. பாய்ந்த சட்டம் எது தெரியுமா? குடியியல், அரசியல் உரிமைகளுக்கென்று 2007இல் கொண்டுவந்த சட்டம்!

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? 2001இல் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கி, பொதுமக்களின் முறைப்பாட்டை விசாரிக்கும் பொறுப்பையும் கொடுத்தது. ஆனால் அங்கே போகும் கடிதம் பல வேளை விசாரணைக்கென்று பொலிசிடமே திரும்புகிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அடிபட்ட கூலிக்காரன் காயத்துக்கு மருந்து கட்டுவானா, கொழும்பில் சட்டத்தரணி தேடுவானா?

இனி எங்களுக்குப் பிடிக்காத கதை. பொலிஸ் காவலில் சித்திரவதைப்பட்ட ஒரு முன்னாள் இராணுவச் சிப்பாய் உயர் நீதிமன்றம் போனார். பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. உரிமையை மீறியவர்களில் ஒருவர் பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னகோன். அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவுக்கு நீதிமன்றம் சொன்னது. அடுத்த பெப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள். 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் நீக்கும்வரை அந்தப் பதவி அவர் பெயரில்தான் இருந்தது.

அடிபட்டது முன்னாள் ஆமிக்காரன் என்றதும் எங்களில் எத்தனை பேருக்கு நெஞ்சு பதைத்தது? "நல்லா வேணும்" என்று உள்ளுக்குள் சொன்னவர்களும் இருக்கிறார்கள். சொன்னால் கோபம் வரும், வரட்டும். கஞ்சிக்காகக் கொதித்து, சிப்பாய்க்காகக் கொதிக்காதவருக்கு இருப்பது நீதியுணர்ச்சி அல்ல, சொந்தக்காரப் பாசம். தெற்கில் இருப்பவருக்கும் இதே கணக்குத்தான்: சேனையூர் என்றால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு பக்கமும் இப்படிப் பிரிந்து நிற்கும்வரை எந்தப் பொறுப்பதிகாரிக்கும் தூக்கம் கெடாது.

வட அயர்லாந்து கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே இரத்தம் கண்ட மண். அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து பொலிஸ் முறைப்பாட்டை விசாரிப்பது பொலிசுக்கு வெளியே உள்ள குறைகேள் அதிகாரி. அவரிடம் சொந்தப் புலனாய்வாளர்கள் உண்டு, பொலிஸ்காரரைக் கைது செய்யவும் அவர்களால் முடியும். இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஒழுங்கையில் தேங்காய்க் கள்ளன் ஒருவன் பிடிபட்டு, நிலையத்தில் அடிவாங்கி, நொண்டிக்கொண்டு வருவான். அவனுடைய முறைப்பாட்டில் சாட்சியாகக் கையெழுத்துப் போடுங்கள்.