வாசலில் கேட்கும் சீட்டு

கப்பலில் உல்லாசப் பிரயாணம் போகிறவர்களுக்குக் கோபம் வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. என் நண்பர் ஒருவருக்கு வந்தது. பாங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியுடன் தென் அமெரிக்கக் கரையோரமாகக் கப்பலில் சுற்றிவிட்டு வர ஏற்பாடு செய்திருந்தார். கப்பல் பிரேசில் நாட்டுத் துறைமுகங்களில் நிற்கும். ஆகையால் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்கு அத்தாட்சியான மஞ்சள் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கேட்டது வேறு யாருமல்ல, நம்முடைய இந்திய தேசம்தான். அவர் திரும்பி வரும்போது அதைக் காட்ட வேண்டும்.

"சொந்த வீட்டுக்குள் நுழைய எனக்குச் சீட்டு வேண்டுமாம், ஐயா! ஆறு மணி நேரம் கரையில் இறங்கிக் காபி குடித்ததற்கு இந்தத் தண்டனையா?" என்று அவர் முறையிட்டார்.

விதி கடுமையானதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள தேசத்தை விட்டு ஆறு நாட்களுக்குள் இங்கே வந்து சேருகிறவரிடம் செல்லத்தக்க சீட்டு இல்லாவிட்டால், ஆறு நாட்கள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சீட்டு செல்லும். ஒரு சௌகரியம், 2016-ஆம் ஆண்டிலிருந்து அது ஆயுள் முழுவதுக்கும் செல்லும் என்று உலக சுகாதார விதிகளில் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன் பத்து வருஷத்துக்கு ஒரு முறை குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னைவாசிகள் இதற்காகக் கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறார்கள். 1899-ல் அம்மைப்பால் தயாரிப்பதற்காகத் தொடங்கிய ஸ்தாபனம் அது.

இந்த விதி என் நண்பரைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டதல்ல. அதுதான் விஷயம். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இருக்கிறது. டெங்கு பரப்புகிற அதே கொசுதான், நம் வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீரில் சுகமாகக் குடித்தனம் செய்கிறது. விறகு அடுக்கி வைத்தாயிற்று, நெருப்பு மட்டும் வரவில்லை. ஒரு பிரயாணியின் ரத்தத்தில் அது வந்து சேர்ந்தால், கப்பலின் சுவரோவியங்களைக் கூடப் பார்த்திராத ஒரு சைதாப்பேட்டைப் பையன் அதற்கு விலை கொடுக்க நேரலாம். சீட்டு அந்தப் பையனுக்காக. நண்பரின் புஜத்தில் குத்துகிறார்களே என்பதனால், அது அவருடைய சொந்த விஷயம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் நண்பரின் வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. ஒருவனுடைய உடம்பு அவனுடையது. இன்னொருவருடைய நன்மைக்காக அதில் ஊசியை ஏற்ற வேண்டும் என்று சொல்வது சின்ன விஷயமா? அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியால் ஆபத்து சற்று அதிகம் என்பதும் உண்மை. அதனால்தான் வைத்தியர்கள் சிலருக்கு விலக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

நான் இதற்கு இப்படிப் பதில் தேடினேன். வாசலில் கேட்பது வேறு. வீட்டுக்குள் புகுந்து கையைப் பிடிப்பது வேறு. ஊசி வேண்டாம் என்றால் பிரேசில் போகாமல் இருக்கலாம். கொடைக்கானலுக்குப் போகலாம். விருந்தாளியாக வருகிறவனிடம் காலைக் கழுவிக்கொண்டு வா என்று சொல்ல வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு அல்லவா?

இந்தப் பதில் எனக்கு ஒரு வாரம் திருப்தி அளித்தது. பிறகு மண்டபம் முகாம் நினைவுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை, அக்கரைக்கு ஏற்றுமுன் அங்கே நாட்கணக்கில் நிறுத்தி வைத்துப் பரிசோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். முகாம் இருந்தது நம் மண்ணில், நடத்தியது இலங்கை அரசாங்கம். அங்கே கேட்டதும் வாசலில் கேட்ட கேள்விதான். ஆனால் வயிற்றுப் பசி பின்னாலிருந்து தள்ளும்போது, "வேண்டாமென்றால் போகாதே" என்பது என்ன பேச்சு? அந்த முகாம் தோட்டத் துரைமாருக்காகக் கட்டப்பட்டதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசலும் எல்லாருக்கும் ஒரே வாசலாக இருப்பதில்லை.

இதையெல்லாம் ஜவ்வாது மலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். போளூரிலிருந்து ஏறி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தால், சாமையும் பலாவும் தேனும் உள்ள வேறு உலகம். எனக்கு அறை கொடுத்தவருடைய உறவினர் ஒரு பெரியவர். மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்களைச் சேர்ந்தவர் (கேரளத்து மலையாளி அல்ல, இவர்கள் பேசுவது தமிழ்). கப்பல் சங்கதியை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நாங்களும் கேட்டோம் சார், அந்த வருசம். முள்ளை வெட்டி ரோட்டில போட்டோம்."

2020-ஆம் ஆண்டைத்தான் அவர் சொன்னார். ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்கள் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தன. இவர்கள் ஊரும் அடைத்திருக்கிறது. காரில் வந்த யாரோ சண்டை பிடித்தார்களாம். பணம் கொடுக்கிறேன் என்றார்களாம். யோகஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலை நிறுத்திவைத்து, 3,711 பேரில் 700 பேருக்கு மேல் நோய் கண்டதைப் பத்திரிகைகளில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தது அந்த ஆண்டு பிப்ரவரியில். ஜப்பான் தேசம் செய்தால் அது சுகாதார நடவடிக்கை. மலைக்கிராமம் முள் போட்டால் அறியாமை.

அடுத்த வருஷம் கதை திரும்பியது. ஊசி மலை ஏறி வந்தது. சிலர் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊசி போடாவிட்டால் ரேஷன் கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பெரியவர் அதைச் சொன்னபோது அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. "நோவையும் கீழே இருந்து கொண்டு வந்தீங்க. ஊசியையும் நீங்களே கொண்டு வந்தீங்க. எங்க முள்ளைத்தான் எடுன்னீங்க."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2022-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், ஜனங்களின் சுகாதாரத்தை உத்தேசித்து, நிலைமைக்குத் தகுந்த அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. வாசலையும் வீட்டையும் நீதிபதிகளும் பிரித்துத்தான் பார்த்தார்கள் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் ரேஷன் கடை வாசல் எந்த வகையைச் சேர்ந்தது? அரிசி வாங்கப் போவது உல்லாசப் பிரயாணமா?

இன்னொரு விஷயம் என்னை உறுத்துகிறது. என் தாயாரின் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இரண்டு உண்டு. என் கை வழவழவென்று இருக்கிறது. எனக்குக் குத்த வேண்டிய அவசியமே இல்லாமல், 1977-ல் இந்தியா பெரியம்மையிலிருந்து விடுபட்டுவிட்டதாக அறிவித்தார்கள். 1980-ல் உலகமே விடுபட்டது. இது எப்படி நடந்தது என்று படித்தால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. எழுபதுகளின் நடுவில், அப்போது பீகாரில் இருந்த பழங்குடிக் கிராமங்களில், இரவில் கதவை உடைத்துப் புகுந்து பிடித்துக் குத்தியிருக்கிறார்கள். அந்த வேலையில் பங்கு பெற்ற அமெரிக்க வைத்தியர் லாரன்ஸ் பிரில்லியன்ட் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். ஹோ பழங்குடித் தலைவர் ஒருவரும் அவர் வீட்டாரும் கடைசி வரை போராடினார்கள். பலாத்காரமாகக் குத்தி முடிந்தது. பிறகு அந்தத் தலைவர் எழுந்து தம் தோட்டத்துக்குப் போய், பழுத்திருந்த வெள்ளரிக்காய் ஒன்றைப் பறித்து வந்து, தம்மைப் பிடித்துக் குத்தியவர்களுக்கே கொடுத்தாராம். வந்தவர்கள் விருந்தாளிகள் என்று!

அந்தக் கதவை உடைத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லலாம். என் கையில் தழும்பு இல்லாமல் போனதற்கு அந்தக் கதவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நாக்குத் தடுமாறுகிறது. தடுமாறாமல் சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

பெரியவரிடம், "கடைசியில் நீங்கள் போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்டேன்.

போட்டுக்கொண்டாராம். ஒரு நர்சம்மா மூன்று தடவை நடந்து வந்திருக்கிறார். முதல் தடவை வீட்டில் யாரும் இல்லை. இரண்டாம் தடவை திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை இவரே கேட்டாராம்: "இது எனக்கா, கீழே இருக்கிறவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் தாத்தா. ஒரு நாள் காய்ச்சல் வரும், அதையும் சொல்லிடறேன்" என்றாராம் அந்தப் பெண்.

"வந்ததா?" என்றேன்.

"ரெண்டு நாள் வந்துச்சு சார்" என்றார் பெரியவர். அந்த இன்னொரு நாளை அவர் நர்சம்மாவின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் அடிக்கவில்லை.