மீட்புக்குப் பின் வரும் பூட்டு

கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட சிறுமிகள் தங்கும் காப்பகங்களில் வெளிக்கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். அதற்கு நியாயம் உண்டு. விற்ற தரகர் தேடி வரலாம். பெற்றவர்களே முன்பணம் வாங்கியிருந்தால், வீட்டுக்கு அனுப்புவது மறுவிற்பனைக்கு வழிவிடுவதாகிவிடும். ஆனால், குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளியே நடமாட, பாதிக்கப்பட்டவள் உள்ளே நாளெண்ணிக்கொண்டிருப்பதை எந்த நியாயத்தாலும் எளிதில் செரிக்க முடியவில்லை.

வெளியாளைத் தடுக்கும் பூட்டுதான் உள்ளே நடப்பதையும் மறைக்கிறது. பீகாரின் முசாபர்பூரில் அரசு நிதியில் நடந்த ஒரு சிறுமியர் இல்லத்தின் கொடுமை 2018இல் வெளியே வந்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு சமூகத் தணிக்கைக்குப் போய், சிறுமிகளிடம் உட்கார்ந்து பேசியதால் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். 2020இல் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த 19 பேரில், அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் ஒருவர். சிறுமிகளின் குறையைக் கேட்பதற்கென்றே சட்டம் அமர்த்திய ஆள் அவர்!

எல்லா இல்லங்களும் அப்படியல்ல. நடுராத்திரியில் அலறி எழும் பிள்ளையை மடியில் போட்டு விடியும்வரை விழித்திருக்கும் வார்டன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பும்கூட, விருப்பமில்லாத ஒருத்தியை அடைத்துவைக்கும் அதிகாரமாகிவிடாது.

காப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும், குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆகவே வீட்டின் வறுமை மட்டும் அவளைப் பிரித்துவைக்கக் காரணமாகக் கூடாது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு இடமிருக்கிறது. காப்பகத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு பாட்டி வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகட்டும்.

ஆபத்து உண்மையானால், அவள் அழுதாலும் வைத்திருக்கத்தான் வேண்டும். அப்போதும் காரணத்தை அவள் மொழியிலேயே சொல்ல வேண்டும். வங்காளத்துச் சிறுமி மும்பைக் காப்பகத்தில் இருந்தால், வங்காளம் பேசும் ஒருவரை வரவழைத்தாவது சொல்ல வேண்டும். அந்த முடிவு மறுபடி எந்தத் தேதியில் பரிசீலிக்கப்படும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேதியில் அவளிடம் பேசுகிறவர் காப்பகத்தின் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். பேசும் அறையில் வார்டன் இருக்கக் கூடாது.