வாயில்லா ஜீவனின் சம்மதம்

தனக்காக முடிவு செய்வது சுலபம். பிறருக்காக முடிவு செய்வது கஷ்டம். வாயில்லாத ஒரு ஜீவனுக்காக முடிவு செய்வதோ எல்லாவற்றிலும் கஷ்டம். 'உனக்குச் சம்மதமா?' என்று அதனிடம் கேட்க வழியில்லை. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அது பின்னால் கேட்கப் போவதுமில்லை. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை அதிகம்.

அமெரிக்காவில் பல வீடுகளில் ஃபெரட் என்ற பிராணியை வளர்க்கிறார்கள். பார்வைக்கு நம் ஊர்க் கீரியின் தம்பி போல இருக்கும். சுமார் ஒரு கிலோ எடை. 6 முதல் 8 ஆண்டு ஆயுள். நாளில் பெரும் பகுதி தூக்கம். விழித்திருக்கும் நேரமெல்லாம் விஷமம்.

மூன்று வயதைத் தாண்டியபின் இதற்கு ஒரு நோய் வருவதுண்டு. சிறுநீரகத்தை அடுத்துள்ள அட்ரீனல் சுரப்பி பருத்து, பாலின ஹார்மோன்களை அளவு மீறிச் சுரக்கிறது. வாலில் தொடங்கி ரோமம் உதிர்கிறது. அரிப்பு ஓயாமல் வாட்டுகிறது. ஆண் பிராணிக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைபட்டுப் போவதும் உண்டு.

இதற்கு வைத்தியர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, வயிற்றைத் திறந்து சுரப்பியை எடுத்துவிடுவது. இடப்பக்கத்துச் சுரப்பியானால் அவ்வளவு பயமில்லை. வலப்பக்கத்துச் சுரப்பியோ உடலின் பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தி சற்றுத் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. மற்றொன்று, டெஸ்லோரெலின் என்ற மருந்தைச் சிறு குச்சி போலத் தோலுக்கடியில் வைத்துவிடுவது. இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் 2012-இல் அது சட்டப்படி விற்பனைக்கு வந்தது. ரோமம் மறுபடி முளைக்கும், அரிப்பு அடங்கும். ஆனால் கட்டி உள்ளேயேதான் இருக்கும், வளரவும் கூடும். மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி வைக்க வேண்டும்.

வேரை அறுப்பதா, கிளையை அடக்குவதா?

வேரை அறுப்பதுதான் வீரம் என்று தோன்றும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரண சிகிச்சைக்குப் படுக்கும் மனிதன், நாளைய சுகத்தை எண்ணி இன்றைய வலியைப் பொறுத்துக்கொள்கிறான். நம்பிக்கையே அவனுக்குப் பாதி மருந்து. பிராணிக்கு அந்த மருந்தை யார் கொடுப்பது? அதற்கு இருப்பது இன்றைய வலி ஒன்றுதான். ஆகவே அதன் பெயரால் நாம் வாங்கும் வலிக்கு ஈடாக, ஓடி விளையாடும் நாட்கள் போதிய அளவு அதற்குக் கிடைக்க வேண்டும். மூன்று வயது ஃபெரட்டுக்குக் கிடைக்கலாம். அதற்குக் கத்தி நியாயம். ஏழு வயதுக் கிழத்துக்கு அதே கத்தி, பிரிய மனமில்லாத எஜமானின் ஆசைக்குச் செய்யும் பலியாகிவிடக் கூடும்.

அதற்காக மருந்துதான் எப்போதும் கருணை என்றும் சொல்லிவிட முடியாது. 'பாவம், அறுக்க வேண்டாம்' என்று சொல்லும்போது, பாவப்படுவது அதற்காகவா, ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்க அஞ்சும் நமக்காகவா? செலவுக்குப் பயந்து கருணை வேஷம் போடுபவர்களும் உண்டு. கையில் பணமில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடலாம், அதில் வெட்கமில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த நாட்டில் ஃபெரட் குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கருத்தடை செய்து விற்கிறார்கள். இனச் சுரப்பி போனபின், மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தடுக்க ஆளில்லாமல், அது அட்ரீனலைப் போய் விரட்டுகிறது. நோய்க்கு இது ஒரு முக்கிய காரணம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். கருத்தடை செய்யாமலே விடலாமென்றால், இணை சேராத பெண் ஃபெரட் ரத்தம் குன்றிச் சாகவும் கூடும். நன்மை செய்யப் போன இடத்திலும் வினை காத்திருக்கிறது.

நோயில் மனிதனுக்குப் பங்கு இருப்பதால் பொறுப்பும் கூடுகிறது. ஆனால் குற்ற உணர்ச்சி நல்ல வைத்தியன் அல்ல. 'என்னால் ஆனதையெல்லாம் செய்தேன்' என்ற திருப்திக்காகச் செய்யப்படும் சிகிச்சை, செய்தவனுக்குத்தான் சிகிச்சை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நாளை காலை இது எழுந்து விஷமம் செய்யுமா? அதற்கு எந்த வழி அதிகம் இடம் தருகிறதோ, அதுவே அந்த ஜீவனின் சம்மதம்.