சபையில் கிடைத்த பரிசும் வீட்டில் எழுந்த கேள்வியும்

நமது சங்கத்து அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் தமது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அல்வா வழங்கினார். விசாரித்ததில், அவருடைய மகள் மாணவர் மாநாடு ஒன்றில் சிறந்த பிரதிநிதி என்று பரிசு பெற்ற விவரம் தெரிந்தது. நாமும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். பின்னர் அப்பெண்ணிடமே கேட்டறிந்த சங்கதிகள் அல்வாவைப்போல் அவ்வளவு சுலபமாக உள்ளே இறங்கவில்லை. அவற்றை நம் வியாபாரச் சகோதரர்களின் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

மாதிரி ஐக்கிய நாட்டுச் சபை என்று ஒன்றை இக்காலத்து மாணவர்கள் நடத்தி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு கொடுக்கப்படும். அந்நாட்டின் பெயர்ப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு அதன் கொள்கையைத்தான் பேசவேண்டும். சொந்த அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை. 'நான்' என்ற சொல்லையே பல சபைகளில் அனுமதிப்பதில்லை. 'இந்நாட்டின் பிரதிநிதி கருதுவதாவது' என்றே தொடங்கவேண்டும். (பத்திரிகைக்கு எழுதுகிற நாமும் 'நாம்' என்பதன் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள்தான். ஆகையால் இவ்வழக்கத்தை நாம் கேலி செய்வதற்கில்லை.)

நம் பெண்ணுக்குக் கிடைத்த நாடு சவூதி அரேபியா. விவாதப் பொருள், பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்காக ஐ.நா. சபை 1979-ல் நிறைவேற்றிய உடன்படிக்கை. சவூதி அரேபியா 2000-ல் இதில் சேர்ந்தபோது, இஸ்லாமியச் சட்டத்துக்கு முரணாக வரும் எந்த விதியும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்தே சேர்ந்தது. ஸ்வீடன் முதலிய பல நாடுகள் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தன. சிங்கப்பூரும் 1995-ல் சேர்ந்தபோது, சிறுபான்மையோர் தங்கள் மதச் சட்டத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தை முன்னிட்டு ஒரு நிபந்தனை வைத்தது. 2011-ல் அதை ஓரளவு தளர்த்தியது, முழுவதும் நீக்கவில்லை. அந்தச் சிறுபான்மையோரில் நாமும் அடக்கம். ஆக, அப்பெண் அந்நிய நாட்டுக்காக வாதாடினாலும் ஒருவகையில் நமக்காகவும் வாதாடினாள் என்றே சொல்லவேண்டும்.

நன்றாகவே வாதாடியிருக்கிறாள். இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882-ல்தான் சட்டம் முழுமையாக இடங்கொடுத்தது; இஸ்லாமோ அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்வுரிமையை வழங்கிவிட்டது என்றாள். ஸ்விட்சர்லாந்தில் பெண்கள் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1971-ல் என்பதை நினைவூட்டினாள். தன் கணவரைப் பற்றிய முறையீட்டுடன் நபி (ஸல்) அவர்களிடமே வந்து வாதாடிய கவ்லா (ரலி) அவர்களைக் குறித்து இறைவசனம் இறங்கியதையும், அந்த அத்தியாயத்துக்கு வாதாடிய பெண் என்றே பெயர் வழங்குவதையும் எடுத்துச் சொன்னாள். சகோதரனுக்கு இரண்டு பங்கு, சகோதரிக்கு ஒரு பங்கு என்பது ஏன் என்று ஸ்வீடன் பலகையுடன் அமர்ந்திருந்த பையன் கேட்டதற்கு, குடும்பத்தைத் தாங்கும் சுமை ஆணின் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது, பெண்ணின் பங்கோ எந்தச் சுமையுமின்றி அவளுக்கே உரியது என்று விடையளித்தாள். சபை கைதட்டியது.

வீட்டுக்கு வந்து பரிசை மேஜைமேல் வைத்துவிட்டுத் தகப்பனாரிடம் கேட்டாளாம்: "வாப்பா, நான் அங்கே சொன்னதெல்லாம் சரிதானே? அப்படியானால் மாமியின் ஒரு பங்கு எங்கே?"

விஷயம் இதுதான். அங்கத்தினரின் தகப்பனார் 1998-ல் ஊரில் காலமானார். ஒரு வீடு, கடைத்தெருவில் இரண்டு கடைகள். வாரிசுகள் இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும். மார்க்கக் கணக்குப்படி ஐந்து பங்கில் ஒன்று தங்கைக்கு. ஆனால் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுவாரமே தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். "தானாகத்தான் விட்டுக்கொடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு நகையும் கைக்கூலியும் கொடுத்தோமே" என்றார் நம் நண்பர்.

இந்தப் பதிலை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! கைக்கூலி மாப்பிள்ளை கைக்குப் போனது. அது பெண்ணின் பங்காவது எப்படி? நகை அவளுக்குச் சேர்ந்ததுதான். ஆனால் தகப்பனார் உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ அவர் கண்மூடிய பிறகே பிறக்கிறது. பற்றையும் வரவையும் ஒரே பக்கத்தில் எழுதும் கணக்கப்பிள்ளையை நாம் ஒருநாளும் கடையில் வைத்துக்கொள்ளமாட்டோம். இந்தியாவில் 1937-ல் ஷரீஅத் சட்டம் வந்ததற்கே, ஊர் வழக்கம் என்ற பெயரால் பெண்களின் பங்கு பறிபோனது முக்கியமான காரணம். சட்டம் வந்தது, வழக்கம் பத்திர ஆபீசுக்குள் புகுந்துகொண்டது.

தானாக விட்டுக்கொடுத்தாள் என்பதையும் சற்று ஆராயவேண்டும். பங்கு பிறந்தபின் ஒரு வாரிசு மனமொப்பி அதை விட்டுக்கொடுத்தால் தடையில்லை. ஆனால் மௌத்து வீட்டில், அழுத கண் காயாத ஒரு பெண்ணின் முன் இரண்டு அண்ணன்மாரும் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிற்கையில் அவள் என்ன சொல்ல முடியும்? பங்கு கேட்டால் அண்ணன் முகம் மாறும். நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒரு சங்கடம் என்றால் வந்து நிற்க வேறு வாசல் இல்லை. அந்த வாசலுக்கு விலையாகத்தான் அநேகம் சகோதரிகள் கையெழுத்திடுகிறார்கள். இதை விட்டுக்கொடுத்தல் என்பதா, விற்றல் என்பதா என்று நமக்குப் புரியவில்லை. மௌனம் சம்மதம் என்று சிலர் ஹதீஸ் காட்டுவார்கள். அது நிக்காஹ் விஷயத்தில் வெட்கப்படும் கன்னிப்பெண்ணைப் பற்றியது. அங்கேயும் முதலில் அவளைக் கேட்கவேண்டும் என்பதுதான் கட்டளை. கேட்ட பிறகு வரும் மௌனத்துக்குத்தான் அந்தச் சலுகை. தகப்பனார் தம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துவைத்தார் என்று முறையிட்ட கன்ஸா (ரலி) அவர்களின் நிக்காஹை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

அப்பெண் நம்மிடம் வேறொன்றும் கேட்டாள். தன் மனத்துக்கு முழுவதும் ஒப்பாததையும் அங்கே பலகைக்காகப் பேசினாளாம். அது பொய்யில் சேருமா என்று அவளுக்குக் கவலை. சேராது என்பதே நமது அபிப்பிராயம். பலகை முன்னால் இருக்கிறது. இன்னாருக்காகப் பேசுகிறாள் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். கமிஷன் ஏஜண்டு முதலாளியின் விலையைச் சொல்வதுபோலத்தான் அது. பலகை இல்லாத இடத்தில்தான் வம்பு. 'தங்கைக்குச் சம்மதம்தான்' என்று பத்திர எழுத்தரிடம் அண்ணன் சொல்கிறபோது, யாருடைய வாயாக அவர் பேசுகிறார்? தங்கையின் வாயாகவா, தம் கடை வாடகையின் வாயாகவா? அவருக்கே தெரியாமலிருக்கலாம். நல்ல மனிதர்கள் இவ்விஷயத்தில் தவறுவது இப்படித்தான்.

ஸ்வீடன் பலகைப் பையனையும் நாம் முழுக்கப் பாராட்டுவதற்கில்லை. முஸ்லிம் பெண்களின் துயரத்தை உருக்கமாகப் பேசிய அவன், எதிரே இருந்த முஸ்லிம் பெண்ணிடம் தேநீர் இடைவேளையில்கூட அவளுடைய எண்ணம் என்னவென்று கேட்கவில்லையாம். நம் சங்கத்துப் பொதுக்கூட்டங்களில் பெண்கள் விஷயமாக நாம் நிறைவேற்றிய தீர்மானங்களையும் நினைத்துப் பார்க்கிறோம். அவற்றை முன்மொழிந்தவர்கள், வழிமொழிந்தவர்கள், கைதூக்கியவர்கள் யாவரும் ஆண்களே. இதை எழுதுகிற நாமும் அந்தக் கூட்டத்தில் கைதூக்கினோம்.

நண்பர் சில நாட்கள் பேசாதிருந்துவிட்டு, கணக்குக் கேட்க நம்மிடம் வந்தார். ஐந்தில் ஒரு பங்கை 1998-ம் வருஷத்து விலைக்கா, இன்றைய விலைக்கா என்றார். இத்தனை வருஷத்து வாடகையும் சேருமா என்றார். ஆலிமிடம் கேளுங்கள், அதற்கு முன்னால் தங்கையிடம் கேளுங்கள் என்றோம்.

"கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள்" என்றார்.

"சொல்லட்டும். அவர் பங்கை அவர் பெயரில் எழுதி, பத்திரத்தைக் கையில் கொடுத்த பிறகு சொல்லட்டும்" என்றோம்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் பிரயாணமாகிறார். தம்பிக்குத் தபால் போட்டிருக்கிறார், பதில் வரவில்லை. மகளும் உடன் போகிறாள்.